ஒரே வீட்டில் இரண்டாம் தடவை

கேள்வி: ஆறு வாரத்துக்குள் எங்கள் வீட்டில் இரண்டு தடவை திருட்டு. ‘நேரம் சரியில்லை’ என்கிறார்கள் சிலர், ‘கவனம் போதாது’ என்கிறார்கள் சிலர். சிலருக்கே ஏன் திரும்பத் திரும்ப இப்படி நடக்கிறது?

பதில்: நேரமும் காரணமில்லை, உங்கள் மேல் தப்பும் இல்லை. உங்களைக் குறை சொல்கிறவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் திருட்டுதான் இரண்டாவதற்கு வழிகாட்டி. ஒருமுறை உள்ளே வந்து போனவனுக்கு எந்தக் கதவு லேசானது, அலமாரி எங்கே, மாட்டாமல் எந்தப் பக்கம் ஓடலாம் எல்லாம் அத்துபடி. புது வீட்டை நோட்டம் விடுவதைவிட இது அவனுக்குச் சுலபம். தூக்க முடியாமல் விட்டுப்போனவை மனதில் நிற்கும். போன பொருளுக்குப் பதில் புதிது வந்திருக்கும் என்றும் கணக்குப் போடுவான். இருட்டான பின்சந்து, மறைவான ஜன்னல் இருந்தால் வேறு திருடர்களும் அதே வீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள்.

முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்து. அதனால் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று பழுதைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களின் பிற்பகுதியில் இதைத்தான் செய்தார்கள். ஏற்கெனவே திருட்டு நடந்த வீடுகளுக்கே முதலில் போய்ப் பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். காசு போட்டால் மின்சாரமோ எரிவாயுவோ தரும் மீட்டர்கள் வீடுகளில் இருந்தன; அதில் சேரும் காசு திருடர்களை இழுத்ததால் அவற்றை அகற்றினார்கள், சுற்றியுள்ள சில வீட்டாரைக் கண்காணிக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே வீடு புகுந்த திருட்டு முக்கால் பங்கு குறைந்தது.

பலரும் உடைந்த பூட்டை மட்டும் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் உதைக்கு உடைந்துபோவது கதவைத் தாங்கும் நிலைச்சட்டம்தான். பூட்டு நாக்கு நுழையும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். முக்கால் அங்குலத் திருகாணிதான் இருக்கும், ஓர் உதை விழுந்தால் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மர நிலையாக இருந்தால் 3 அங்குலத் திருகாணி போடுங்கள். நிலையில் விரிசல் கண்டிருந்தால் தச்சரைக் கூப்பிட்டு அந்தக் கட்டையையே மாற்றுங்கள், ஒட்டுப்போட்டால் நிற்காது. சாவி ஒன்று காணாமல் போயிருந்தாலும் பூட்டை மாற்றியே ஆகவேண்டும். புது டிவியின் அட்டைப்பெட்டியை வாசலில் போடாதீர்கள்.

பண மோசடியிலும் இதே கதைதான். ஒருமுறை ஏமாந்தவர்களின் பெயரும் எண்ணும் மோசடிக்காரர்களுக்குள் கைமாறும். சில நாளில் ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று அழைப்பு வரும். முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

போலீஸில் புகார் எழுதும்போது இது இரண்டாவது தடவை என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். முதல் தடவை நடந்த தேதி, நேரம், திருடன் நுழைந்த வழி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.