மாமனாருக்கு 70 வயதாகும் முன்: பர்கண்டி திராட்சைத் தோட்டத்தை உடையாமல் கைமாற்றுவது எப்படி?

கேள்வி: நான் புதுச்சேரியில் பிறந்தவள். கணவர் பிரெஞ்சுக்காரர். பர்கண்டி பகுதியில், திஜோன் நகருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அவருடைய குடும்பத்துக்கு 6 ஹெக்டேர் திராட்சைத் தோட்டமும் ஒயின் நிலவறையும் உள்ளன. மாமனாருக்கு 68 வயது, மாமியாரும் இருக்கிறார். மூன்று பிள்ளைகளில் என் கணவர் மட்டும்தான் 20 வயது முதல் தோட்டத்தில் உழைக்கிறார். முதல் எட்டு ஆண்டுகள் சம்பளமே இல்லை. நாத்தனார் பாரிஸில் ஆசிரியை, கொழுந்தனார் லியோனில் பொறியாளர். “என் காலத்துக்குப் பிறகு மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்” என்கிறார் மாமனார். வரி கட்டவே தோட்டத்தை விற்க வேண்டியிருக்கும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஊரில் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆனால் உங்களிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அது மாமனாரின் எழுபதாவது பிறந்தநாள் வரைதான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், அவர் எதுவும் செய்யாமல் காலமானால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். பிரெஞ்சுச் சட்டத்தில் தகப்பனார் நினைத்தபடி உயில் எழுத முடியாது. மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மீதிக் கால் பங்கைத்தான் அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். அந்தக் கால் பங்கு முழுவதையும் உங்கள் கணவருக்கே எழுதினாலும், அவருக்குச் சேருவது மொத்தத்தில் பாதிதான். மற்ற பாதி நாத்தனாருக்கும் கொழுந்தனாருக்கும் போகும். உயிலே இல்லையென்றால் சொத்து பொதுவில் கிடக்கும். மாமியார் இருப்பதால், முழுச் சொத்தின் அனுபவ உரிமையையோ (வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தி வருமானம் எடுக்கும் உரிமை) கால் பங்கு உடைமையையோ அவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பொதுச்சொத்தில் தொடரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் பழைய விதி. கொழுந்தனாருக்கு லியோனில் வீடு வாங்கப் பணம் தேவைப்பட்டால், எந்த நாளிலும் “என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்” என்று கேட்கலாம். அதில் தவறும் இல்லை.

அடுத்தது வரி. கணக்குக்காக நிலம், நிலவறை, தொழில் எல்லாம் சேர்த்து 60 லட்சம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். பர்கண்டியில் இன்று கிராமப் பெயரில் ஒயின் தரும் தரத்திலுள்ள நல்ல நிலமே ஹெக்டேருக்கு லட்சக்கணக்கில் போகிறது, ‘கிரான் குரு’ என்ற மிக உயர்ந்த தர நிலங்கள் பல மில்லியனைத் தொடுகின்றன. ஆகவே இது மிகையான தொகை அல்ல. மாமியாரின் பங்கை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால் பிள்ளைக்கு 20 லட்சம். அதில் 1 லட்சம் கழிவு. மீதி 19 லட்சத்துக்கு 5 விழுக்காட்டில் தொடங்கி 45 விழுக்காடு வரை ஏறும் படிநிலை வரி. தலைக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 17 ஆயிரம் யூரோ வருகிறது. ஆண்டு வருமானத்தில் இதைக் கட்ட எந்தக் குடும்பத் தோட்டத்தாலும் முடியாது. ஐந்து ஆண்டுகள் தள்ளிவைத்துப் பிறகு பத்து ஆண்டுகளில் தவணையாகக் கட்டும் வசதி தொழில் சொத்துக்கு உண்டு. ஆனால் அது வரியைக் குறைப்பதில்லை, தள்ளித்தான் வைக்கிறது.

இனி எழுபது வயதுக் கதைக்கு வருகிறேன். ‘துத்ரெய் ஒப்பந்தம்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தொழிலைச் சில ஆண்டுகள் விற்காமல் வைத்திருப்பதாகக் குடும்பத்தார் எழுத்தில் உறுதி கொடுத்தால், அந்தத் தொழிலின் மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு வரி இல்லை. கைமாறிய பின் மூன்று ஆண்டுகளாவது குடும்பத்தில் ஒருவர் உண்மையிலேயே நிர்வாகம் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு ஆள் தயாராக இருக்கிறார். கொடுப்பவர் 70 வயதுக்குள், எந்த அனுபவ உரிமையும் வைத்துக்கொள்ளாமல் முழு உடைமையாகக் கொடுத்தால், வரும் வரியிலும் பாதி தள்ளுபடி. மேலே சொன்ன அதே 20 லட்சத்துக்கு இப்போது கணக்குப் போடுங்கள்: வரிக்கு உள்ளாவது 5 லட்சம், கழிவு போக 4 லட்சம், வரி ஏறத்தாழ 78,000, அதில் பாதி 39,000. ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த தொகை நாற்பதாயிரத்துக்குள் வந்துவிடுகிறது. எல்லாச் சொத்தும் தொழிலுக்குள் இருக்கிறது என்று கொண்டு போட்ட கணக்கு இது. நிலம் தனியாக மாமனார் பெயரிலும் தொழில் கம்பெனி பெயரிலும் இருந்தால் நிலத்துக்கு வேறு விதி பொருந்தும். அதற்கு 18 ஆண்டுகளோ அதற்கு மேலோ நீண்ட குத்தகை போட்டிருந்தால், ஒரு வரம்பு வரை 75 விழுக்காடும் அதற்கு மேல் 50 விழுக்காடும் விலக்கு உண்டு. உறுதிமொழிக் காலம், வரம்புத் தொகை இவற்றை நிதிச் சட்டங்கள் அடிக்கடி மாற்றுகின்றன. கையெழுத்திடும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று நொத்தேரிடம் (பத்திரங்களை எழுதிப் பதிவு செய்யும் சட்ட அதிகாரி) எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொத்து மாமனார், மாமியார் இருவருக்கும் பொது என்றால் இன்னும் நல்லது. இருவரும் சேர்ந்து கொடுக்கும்போது 1 லட்சம் கழிவு ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியே கிடைக்கும். 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். மாமனார் ஐம்பதுகளிலேயே ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால் இந்த வாய்ப்பு இரண்டு முறை கிடைத்திருக்கும். பரவாயில்லை.

வரியைச் சமாளித்துவிடலாம். பங்காளிச் சண்டைதான் கடினமானது. இதற்கு என் பரிந்துரை, மாமனார் உயிருடன் இருக்கும்போதே மூன்று பிள்ளைகளும் கையெழுத்திடும் பாகப்பிரிவினைப் பத்திரம். வெறும் தானப் பத்திரம் போதாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இன்று 5 லட்சம் மதிப்புள்ள ஒரு துண்டு நிலத்தைத் தகப்பனார் உங்கள் கணவருக்குத் தானமாகக் கொடுத்து, அவர் காலத்துக்குப் பின் பாகம் பிரிக்கும் நாளில் அதே நிலம் 12 லட்சம் ஆகியிருந்தால், உங்கள் கணவர் தம் பங்கில் 12 லட்சம் வாங்கியதாகவே கணக்கிடப்படும். பாகப்பிரிவினைப் பத்திரமானால், எல்லாப் பிள்ளைகளும் ஏதேனும் ஒரு பங்கு பெற்று ஒப்புக்கொண்டால், கையெழுத்திட்ட நாளின் மதிப்பே நிலைக்கும். நில விலை ஓடும் பர்கண்டியில் இது ஒன்றே போதுமான காரணம். ஒருவர் மறுத்தாலும் இந்தக் காப்பு போய்விடும். ஆகவே நாத்தனாரும் கொழுந்தனாரும் மனதார வர வேண்டும்.

வர வைப்பது எப்படி? சமம் என்றால் ஒரே பொருளை மூன்றாக வெட்டுவது என்று பொருள் கொள்ளாதீர்கள். வோன்-ரோமானே கிராமத்தின் குரோ குடும்பம் தலைமுறைதோறும் பிரிந்து, இன்று ஒரே குடும்பப் பெயரில் நான்கு தோட்டங்களாக ஒயின் தயாரிக்கிறது. அந்தப் பிரிவினையிலும் ‘குளோ தே ரேயா’ என்ற இரண்டு ஹெக்டேர் சொச்சம் நிலத்தை அவர்கள் வெட்டவில்லை. அது முழுவதும் மிஷேல் குரோவிடம் போனது. உடன்பிறந்தவர்கள் வேறு நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் அதே பகுதியின் குளோ த வூஜோவைப் பாருங்கள்: 50 ஹெக்டேர், ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். சிலரிடம் சில வரிசைக் கொடிகள்தான் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் தொழிலும் நிலத்தில் பெரும்பகுதியும் உங்கள் கணவருக்கு, மாமனாரிடம் உள்ள சேமிப்பு, ஆயுள் காப்பீடு, வீடு ஆகியவை மற்ற இருவருக்கு என்று தொடங்கிப் பாருங்கள். கணக்கு நேராகாது, நிலத்தின் விலை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இடைவெளியை ஈடுசெய்ய உங்கள் கணவர் ரொக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு விதி உண்டு. ஈட்டுத்தொகையைத் தவணையாகத் தருவதாக எழுதினால், பிறகு அந்த நிலத்தின் மதிப்பு கால் பங்குக்கு மேல் ஏறும்போது பாக்கித் தொகையும் அதே விகிதத்தில் ஏறும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் “அப்படி ஏறக்கூடாது” என்று எழுதிக்கொண்டாலும் செல்லாது. எனவே வங்கிக் கடன் எடுத்து அன்றே கொடுத்து முடிப்பது மேல். வட்டி கட்டுவது எரிச்சல்தான், ஆனால் அது தெரிந்த தொகை.

ரொக்கம் போதாவிட்டால் நொத்தேர் உடனே சொல்லப்போவது விவசாய நிலக் கூட்டமைப்பு. நிலத்தை ஒரு கூட்டமைப்பில் போட்டு, பங்குகளை மூவருக்கும் கொடுத்து, நிலத்தை உங்கள் கணவருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். குத்தகைச் சட்டம் உழைப்பவரின் பக்கம் வலுவாக நிற்கிறது. அதே காரணத்தால் பங்கு வைத்திருப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். இந்தப் பகுதியில் குத்தகையைப் பீப்பாய்க் கணக்கில் எழுதுவது வழக்கம்: ஹெக்டேருக்கு இத்தனை பீப்பாய், பீப்பாய் 228 லிட்டர், அதன் விலையை ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் ஆணை சொல்லும். காகிதத்தில் 10 லட்சம் யூரோவுக்கு அதிபதியான நாத்தனாருக்கு ஆண்டில் கைக்கு வருவது அவருடைய சில மாதச் சம்பளத்துக்குக்கூட ஈடாகாமல் போகலாம். அவர் பேராசைக்காரர் அல்லர். அந்த நிலையில் யாருக்கும் விற்றுவிடத்தான் தோன்றும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள தயக்கம் அடுத்த தலைமுறையைப் பற்றியது. மூன்று பேரின் பங்குகள் எட்டுப் பேரப்பிள்ளைகளிடம் போகும். அவர்களில் பாதிப் பேர் தோட்டத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். பொர்தோ பக்கத்தில் ஷத்தோ திக்கெம் தோட்டத்தை 1785 முதல் லுர்-சலூஸ் குடும்பம் வைத்திருந்தது. பங்குகள் உறவினர்களிடையே சிதறிக்கிடந்ததால், 1996இல் பலர் தம் பங்குகளை எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்துக்கு விற்றார்கள். தோட்டத்தை நடத்திவந்த அலெக்சாந்தர் த லுர்-சலூஸ் நீதிமன்றம் வரை போனார். 1999இல் சமரசம் ஆகி, 2004 வரை அங்கேயே நிர்வாகியாக இருந்தார். தோட்டம் மட்டும் குடும்பத்துடையதாக இல்லை. ஆகவே கூட்டமைப்பு வைப்பதானால், வெளியாருக்கு விற்க மற்றவர்களின் சம்மதம் வேண்டும், விற்க விரும்புகிறவரின் பங்கை முதலில் உழைப்பவருக்குத் தர வேண்டும், விலையை இந்தச் சூத்திரப்படி கணக்கிட வேண்டும் என்ற மூன்றையும் விதிமுறையில் முதல் நாளே எழுதுங்கள். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளை வாங்கிவரும் திட்டமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

மாமனார் ஏன் தயங்குகிறார் என்பதையும் யோசியுங்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கையேந்த வேண்டிவருமோ என்ற பயம் இருக்கலாம். பிரான்ஸில் விவசாயிகளின் ஓய்வூதியம் அப்படித்தான் இருக்கிறது. அவர் வீட்டின் அனுபவ உரிமையையும் சில துண்டு நிலங்களின் குத்தகை வருமானத்தையும் வைத்துக்கொண்டு கொடுக்கலாம். 70 வயது முடியும் வரை அனுபவ உரிமையின் மதிப்பு 40 விழுக்காடு. 71 ஆனதும் 30க்கு இறங்கும். வரி மீதியின்மேல்தான் விழுகிறது. தொழிலைப் பொறுத்தவரை இதைச் செய்யாதீர்கள். பாதித் தள்ளுபடிக்கு முழு உடைமையாகக் கொடுப்பது நிபந்தனை. தொழிலை முழுதாகவும், வீட்டையும் ஒன்றிரண்டு நிலங்களையும் அனுபவ உரிமை நிறுத்தியும் கொடுப்பதே உங்களுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவரின் சம்பளமில்லாத எட்டு ஆண்டுகள் வீணாகிவிடவில்லை. பெற்றோரின் பண்ணையில் 18 வயதுக்குப் பின் ஊதியமின்றி உழைத்த பிள்ளைக்கு 1939 முதல் ‘தள்ளிவைத்த சம்பளம்’ கேட்கும் உரிமை உண்டு. அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,080 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய நிலையில் ஆண்டுக்கு 16,000 யூரோவுக்குச் சற்று மேல். இது தகப்பனாரின் கடனாகக் கருதப்படுவதால் பங்கு பிரிப்பதற்கு முன்பே கழிக்கப்படும். பாகப்பிரிவினையிலேயே இதைத் தீர்த்துக்கொள்ளலாம். ஊதியம் பெறவில்லை என்பதற்குச் சான்று வேண்டும்: விவசாயிகள் சமூகக் காப்பீட்டுப் பதிவு, அக்காலத்து வங்கிக் கணக்குகள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் வாக்குமூலம். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அறுவடையில் நிற்பது, லேபிள் ஒட்டுவது, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் தோட்டத்து மருமகள்கள் பெயரில்லாமல் செய்யும் வேலை. தானமாக வரும் தோட்டம் உங்கள் கணவரின் தனிச்சொத்து. அதில் உங்களுக்குத் தானாக எந்தப் பங்கும் வராது. சம்பளமில்லாத அந்த ஆண்டுகளில் நீங்களும் சேர்ந்து உழைத்திருந்தால் தள்ளிவைத்த சம்பளத்தில் உங்களுக்கும் உரிமை உண்டு. இனிமேல் வேலை செய்வதானால் பதிவு பெற்ற நிலையில் செய்யுங்கள். சம்பளமின்றித் தொழிலில் உதவும் கணவர் அல்லது மனைவிக்கான ‘ஒத்துழைக்கும் துணைவர்’ என்ற பதிவை 2022 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பிறகு சம்பளக்காரராகவோ கம்பெனியில் பங்காளியாகவோ மாற வேண்டும். பங்காளியாகச் சேர்வது குறித்து இப்போதே கணவரிடம் பேசுங்கள். குடும்பத்தின் நொத்தேர் மாமனாருக்குப் பழக்கமானவராக இருப்பார். நாத்தனாரும் கொழுந்தனாரும் தமக்கென்று வேறு நொத்தேரை அழைத்து வந்தால் முகம் சுளிக்காதீர்கள். கட்டணத்தை நொத்தேர்களே தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். பிற்பாடு “எங்களை ஏமாற்றிவிட்டார்கள்” என்ற பேச்சும் எழாது.

பேச்சை எடுக்கும் காலமும் முக்கியம். செப்டம்பரில் அறுவடை நடக்கும்போது எடுத்தால் மாமனார் எரிந்து விழுவார். சனவரி 22இல் திராட்சைத் தோட்டக்காரர்களின் காவலரான புனித வின்சென்ட் திருநாளுக்குப் பிள்ளைகள் மூவரும் ஊருக்கு வந்தால், அந்த வாரம் பொருத்தமாக இருக்கும். அதற்கு முன் நிலவரைபடம், குத்தகைப் பத்திரங்கள், கம்பெனி விதிமுறை, கடைசி மூன்று ஆண்டுக் கணக்கு, நிலவறையில் உள்ள ஒயின் இருப்புப் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள். இருப்புப் பட்டியலை மறக்காதீர்கள். ஹெக்டேர்களை அமைதியாகப் பிரித்துக்கொண்ட குடும்பங்கள், பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளின் பாட்டில்கள் யாருக்கு என்பதில் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.