ஊழியரைப் படிக்க அனுப்ப அரசாங்கப் பணம்: சிங்கப்பூர்க் கடைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஊழியர் பயிற்சிக்குக் கிடைக்கும் மானியத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் கட்டணத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். செலவு உண்மையில் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடை, 12 ஊழியர்கள்: மாதாமாதம் மசேநிதியோடு (மத்திய சேம நிதி, சிபிஎஃப்) 'திறன் மேம்பாட்டுத் தீர்வை' என்று ஒரு தொகை போகிறது. அது என்ன? திரும்பி வருமா?

1979-ல் வந்த சட்டப்படி கட்டும் லெவி அது. ஒவ்வொரு ஊழியரின் மாதச் சம்பளத்திலும் 0.25 விழுக்காடு. 800 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதற்குக் கீழும் என்றால் 2 வெள்ளி, 4,500-க்கு மேல் எவ்வளவு போனாலும் 11.25 வெள்ளி. 2,400 வெள்ளி வாங்குபவருக்கு 6 வெள்ளி. பகுதி நேரம், வெளிநாட்டவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. மசேநிதிக் கழகம் வசூலித்து ஊழியர் பயிற்சியைக் கவனிக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பிடம் கொடுக்கிறது. இது முதலாளி கட்ட வேண்டியது. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஒரு கடையில் பிடித்திருந்ததைப் பார்த்து நானே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

ரொக்கமாகத் திரும்பி வராது. ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பினால் மானியமாக வரும். அனுப்பாவிட்டால் அடுத்த கடைக்காரருக்குப் போகும், அவ்வளவுதான்.

புடவைக் கடை உரிமையாளர்: 90 விழுக்காடு மானியம் என்கிறார்கள், 70 என்கிறார்கள், 50 என்கிறார்கள். எதை நம்புவது?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை மானியம் 50 வரை. சிறிய, நடுத்தர நிறுவனம் அனுப்பினால் பெரும்பாலான பயிற்சிகளுக்கு 70 வரை. 90 என்பது இப்போது பொதுவான கணக்கு இல்லை.

சிறிய, நடுத்தர நிறுவனம் என்றால் சிங்கப்பூரில் பதிவானதாக, உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 விழுக்காடு உள்ளதாக இருக்க வேண்டும். அதோடு ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்குள், அல்லது ஊழியர்கள் 200 பேருக்குள். தேக்காவில், அதாவது நம் லிட்டில் இந்தியாவில், இதைத் தாண்டும் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்டணம் 800 வெள்ளி. 70 போனால் மிச்சம் 240. பொருள் சேவை வரி 9 விழுக்காடு, ஆனால் அதை 240-க்குப் போட மாட்டார்கள். அடிப்படை மானியம் போன 400-க்குப் போடுவார்கள். 36 வெள்ளி. ஆக 276. ரசீது தப்பு என்று பயிற்சி மையத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் போய் அசடு வழிந்திருக்கிறேன்.

மினிமார்ட் நடத்துபவர்: இரண்டு பேரை அனுப்பினேன். ஒருவருக்கு 50 விழுக்காடுதான் கிடைத்தது, கடைக்கு வேறு எந்தப் பணமும் வரவில்லை. ஏன்?

நான் பந்தயம் கட்டுவேன்: அவர்களையே தங்கள் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) வழியாகப் பதிந்துகொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு கையில் காசு கொடுத்திருப்பீர்கள். முதல் முறை நானும் ஒரு வாடிக்கையாளருக்கு இப்படித்தான் கெடுத்து வைத்தேன். பதிவு செய்யும்போதே 'நிறுவனம் அனுப்புகிறது' என்று போட வேண்டும், ரசீது நிறுவனத்தின் பெயரில் வர வேண்டும், மானியம் போக மிச்சக் கட்டணம் முழுவதையும் நிறுவனம் கட்ட வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

மற்றவருக்கு 70 கிடைத்திருந்தால் அவர் 40 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமகனாக இருப்பார். அவர்கள் தாங்களே பதிந்தாலும் 70 வரை உண்டு. அதனால் நிறுவனத்தின் வழியாகப் போவதில் கட்டண லாபம் இளையவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஆனால் அடுத்த பதிலில் வரும் பணம் நிறுவனம் அனுப்பினால் மட்டுமே.

அதே கேள்வி, நான்கு பேரிடமிருந்து: ஆள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் யார் தருவது?

நீங்கள்தான். அதில் மணிக்கு 4.50 வெள்ளி திரும்பி வரும். 'ஆப்சென்டீ பேரோல்' என்று பெயர். ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி உச்சம். நம் கடைகள் அந்தப் பக்கமே போகாது. வருகை குறைந்தது 75 விழுக்காடு இருக்க வேண்டும், தேர்விலும் தேற வேண்டும், மசேநிதி ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். ஓய்வு நாளில் அனுப்பினால், அந்த மணிகளுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால்தான் கேட்கலாம்.

இரண்டு நாள், 16 மணி நேரம்: 72 வெள்ளி. அந்த இரண்டு நாளும் கல்லாவில் நிற்க ஒரு பகுதி நேர ஆளைப் பிடிக்க 72 வெள்ளி போதுமா? போதாது. நான் முதலில் சொன்ன செலவு இதுதான். கட்டணம் 276-ஐப் பார்த்துப் பயப்படுகிறோம், காலியாகக் கிடக்கும் ஷிஃப்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உணவுக்கடை மேற்பார்வையாளர்: எங்களிடம் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வந்தவர்கள். அவர்களுக்கு?

மானியமும் கிடையாது, ஆப்சென்டீ பேரோலும் கிடையாது. லெவி மட்டும் உண்டு. எனக்கு இது உறுத்தும், ஆனால் விதி இதுதான். சமையல் போன்ற வேலைகளில் உணவைக் கையாளும் எல்லோருக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முதல் நிலை கட்டாயம் என்பதால் அவர்களுக்கு முழுக் கட்டணம் கட்டித்தான் அனுப்ப வேண்டும். ஐந்தாம் ஆண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும், தேதியைக் குறித்து வையுங்கள்.

முதல் நிலைக்குத் தமிழில் வகுப்பு உண்டா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். உண்டு, ஆனால் எல்லா மையங்களிலும் இல்லை. மற்ற பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சேருவதற்கு எந்த அளவு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஊழியர், 43 வயது: அரசாங்கம் பயிற்சிக்கென்று எனக்குக் கொடுத்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டைப் போட்டு முதலாளி வகுப்புக்குப் போகச் சொல்கிறார். போகலாமா?

வேண்டாம். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குக் கொடுத்த 4,000 வெள்ளி உங்களுடையது, காலாவதி கிடையாது, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டும்தான் செல்லும். 2020-ல் கொடுத்த 500 வெள்ளிதான் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துபோனது. கடைக்குத் தேவையான பயிற்சிக்குக் கடைதான் கட்ட வேண்டும். முதலாளியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, கம்பெனி பேரில் போட்டால் மணிக்கு 4.50 உங்களுக்கு வரும்." கோபம் வராது.

முடிதிருத்தகம் நடத்துபவர்: ஓர் ஏஜெண்ட் வந்தார். பெயர்ப் பட்டியல் கொடுங்கள், ஆள் வர வேண்டாம், பணத்தில் பங்கு தருகிறேன் என்றார்.

கதவைச் சாத்துங்கள். 2017-ல் ஒரு கும்பல் 9 நிறுவனங்களை வைத்துப் பொய்யான பயிற்சிகளைக் காட்டி 4 கோடி வெள்ளிக்கு அருகில் சுருட்டியது. சிறைக்குப் போனார்கள். வகுப்பில் இப்போது ஒவ்வொருவரும் சிங்பாஸ் செயலியால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்த காலம் போச்சு.

நகைக்கடை: படிக்க வைத்தால் வேறு கடைக்குப் போய்விடுவாரே?

போகலாம். ஆனால் நீங்கள் வெளிநாட்டு ஊழியர் வைத்திருந்தால் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. சில்லறை வர்த்தகத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், உணவுச் சேவையில் 2023 மார்ச்சிலிருந்தும் படிப்படியாக உயரும் சம்பள முறை உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சியையும் கேட்கிறது. அதை விட்டுவிட்டால் வொர்க் பெர்மிட்டில்தான் கை வைப்பார்கள்.

கடைசியாக, மூன்று ஊழியர்கள் உள்ள பூக்கடை அம்மா: ஒருவரை அனுப்பினால் கடையை யார் பார்ப்பது?

அம்மா, உங்கள் கேள்விதான் எனக்குப் பிடித்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய ஆறு வாரங்களை நாட்காட்டியில் அடித்துவிடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறையும் அடியுங்கள். மிச்சம் இருப்பதில் மாலை வகுப்போ அரை நாள் வகுப்போ தேடுங்கள், இரண்டு நாளை நான்கு அரை நாளாக நடத்தும் மையங்களும் உண்டு. ஒரே வாரத்தில் இரண்டு பேரை அனுப்பாதீர்கள். உள்ளூர் ஊழியர் மூவராவது உள்ள நிறுவனங்களுக்கு ஊழியர் பயிற்சி போன்ற செலவுகளுக்கு 10,000 வெள்ளி கிரெடிட் 2026 பிற்பாதியில் வரும் என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். உங்கள் மூன்று பேரில் எல்லோரும் குடிமக்களோ நிரந்தரவாசிகளோதானா என்று பார்த்துச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.