ஜூலை மாதத்து ரசிகர்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனை ஆலையில், லாரி நிறுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அமெரிக்க பேஸ்பால் என்றால் எனக்கு உயிர். சியாட்டல் மரினர்ஸ் என் அணி. மார்ச் இறுதியில் பருவம் தொடங்கியபோது ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. ஜூலை வந்ததும் கைப்பேசியில் முடிவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த லாரியைக் கவனிக்கப் போய்விடுகிறேன். ‘உனக்கு எல்லாமே மூன்று மாதக் கூத்துதான்’ என்கிறார் அண்ணன். என் ஆர்வம் உண்மையானதுதானா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

உண்மையானதுதான். உங்கள் அண்ணன் காற்பந்து ரசிகர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் ஓர் அணிக்குப் பருவத்துக்கு 38 ஆட்டங்கள். மேஜர் லீக் பேஸ்பாலில் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் 162. அநேகமாகத் தினமும் நடக்கும் ஒன்றைத் தினமும் அதே கொதிப்போடு பார்க்க யாராலும் முடியாது. அதிலும் சியாட்டலின் இரவு 7 மணி நமக்கு மறுநாள் காலை 10 மணி, ஆலை வாசலில் குலை ஏற்றிய லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் நேரம்.

பருவத் தொடக்கத்தில் நாம் ரசிப்பது பெரும்பாலும் நம்முடைய எதிர்பார்ப்பைத்தான். அதை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. உங்கள் மரினர்ஸ் 2001இல் 116 ஆட்டங்களை வென்றது. அந்த ஆண்டிலும் 46 ஆட்டங்களில் தோற்றது, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் வீழ்ந்து, இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போகாமலேயே நின்றது, அடுத்து பிளே ஆஃப் சுற்றை எட்டியது 2022இல்தான். மாறாக, 2019இல் முதல் 50 ஆட்டங்களில் 31ஐ இழந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் அந்த ஆண்டே கோப்பையை வென்றது.

வெற்றி தோல்விப் படபடப்பு தணிந்த பிறகே ஆட்டத்தின் உள்வேலை கண்ணில் படத் தொடங்கும் என்பது என் எண்ணம். இரண்டு ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறியதாகக் கணக்கிடப்படும் பந்து; மூன்றானால் ஆட்டமிழப்பு) ஆகிவிட்ட மட்டையாளர், எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்தைத் தட்டித் தட்டி விடுவதைக் கவனித்திருப்பீர்கள். முழு வீச்சில் மட்டையைச் சுழற்றி அப்படித் தட்டிவிட்டால் மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது. பத்துப் பன்னிரண்டு பந்துகளை எதிர்கொண்டு கடைசியில் அவர் ஆட்டமிழந்தே போனாலும், நூறு பந்துகளை ஒட்டிக் களைத்துவிடும் பிட்சரிடமிருந்து, அதாவது பந்து வீசுபவரிடமிருந்து, பத்தில் ஒரு பங்கையாவது பிடுங்கிக்கொண்டுதான் போகிறார். ஆறாவது இன்னிங்ஸில் அந்தப் பிட்சர் தடுமாறும்போது, காரணம் ரன் பலகையில் இருக்காது. பொறுமையாகப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

அணி தோற்கிறது என்பதற்காக விலகுவது வேறு, பிழைப்புக்கு நடுவே பார்வை குறைவது வேறு. தினமும் முடிவைத் தேடிப் பார்க்கும் நீங்கள் விலகவில்லை. பிளே ஆஃப் இடத்துக்கான போட்டி இறுகும் செப்டம்பரில் உங்கள் கை தானாகவே கைப்பேசியை நாடும். அதுவரை ஒன்று செய்யுங்கள். தொடக்கப் பிட்சர்கள் பொதுவாக ஐந்து அல்லது ஆறு நாட்களுக்கு ஒருமுறைதான் வீசுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய முறை உங்கள் ஓய்வுநாளில் அமையும்போது முதல் பந்திலிருந்து பாருங்கள். அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.