தனி செல்லில் இருக்கும் தம்பி நடிக்கிறானா?

கேள்வி: என் தம்பி ஒரு வருஷத்துக்கு மேலாக புழல் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். உள்ளே நடந்த ஒரு தகராறுக்குப் பிறகு சில மாதமாகத் தனி செல். மனு பார்க்கப் (சிறையில் நேரில் சந்திக்க) போனால் கேட்டதையே திரும்பக் கேட்கிறான். ராத்திரி யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்கிறான். ஜாமீனுக்காக நடிக்கிறான் என்கிறார் மாமா. - ஓர் அக்கா, வியாசர்பாடி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் நடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீண்ட தனிமையில் அடைபட்டவர்களிடம் மருத்துவர்கள் காணும் அறிகுறிகள்தான் இவை. முகமும் பேச்சும் வெளியிலிருந்து வராதபோது, மூளை தானாகவே சிலவற்றை உண்டாக்கிக்கொள்ளும். குரல் கேட்பது அப்படியும் ஆரம்பிக்கலாம். தூக்கம் கெடும், நினைவு தடுமாறும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். முன்பு மனநோயே இல்லாதவருக்கும் இது வரும்.

நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பில்லாமல், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் யாரையும் அடைத்துவைக்கக் கூடாது என்கின்றன, ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள். உங்கள் தம்பிக்கு மாதக்கணக்காகிவிட்டது. தண்டனை பெற்றவருக்காவது வெளியே வரும் நாள் தெரியும். இவருக்குத் தெரிந்தது அடுத்த வாய்தா மட்டும்தான். ஒவ்வொரு முறை அது தள்ளிப்போகும்போதும் மனசு இன்னும் கொஞ்சம் உடையும். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை இந்த நிலைக்கு விடுவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

குரல் கேட்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவருக்கும், என்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். குடி, கஞ்சா, மாத்திரைப் பழக்கம், வலிப்பு, தலையில் பட்ட அடி ஏதாவது இருந்திருந்தால் மறைக்காமல் சேர்த்து எழுதுங்கள்; குரல் கேட்க அவையும் காரணமாகலாம், வைத்தியம் வேறுபடும். நகலை வக்கீலிடம் கொடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கைதிகளுக்கும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் பரிசோதிக்க உத்தரவிடும்படி வக்கீல் நீதிமன்றத்தில் கேட்கலாம். வக்கீல் இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

அப்புறம், மனு பார்க்கும் நேரம். "அடுத்த வாய்தால வந்துடுவே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய்த்துப்போனால் அவரால் தாங்க முடியாது. வீட்டு விஷயம், தெரு விஷயம் பேசுங்கள். அவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பொறுமையாகச் சொல்லுங்கள். குரலைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம். ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கலடா, ஆனா உனக்கு எவ்ளோ பயமா இருக்கும்னு புரியுது" என்றால் போதும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "இனிமே வராதீங்க" என்று சொன்னாலோ, சாப்பாட்டை நிறுத்தினாலோ, வாசலைத் தாண்டுவதற்கு முன்பே பணியில் இருக்கும் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. கூட்டமும் சத்தமும் அவருக்குத் தாங்காது. முதல் நாளே சொந்தக்காரர்களைக் கூப்பிடாமல், ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நீங்களும் தூக்கமில்லாமல்தான் இதை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்களுக்காகவும் கூப்பிடுங்கள்.