ட்ரெட்லாக்ஸ் முடி ஜமைக்காவில்தான் பிறந்ததா?

பெயருக்குப் புகழ் தந்தது ஜமைக்கா. முடி அதைவிட மிகப் பழையது. சீப்பு படாத தலையில் உதிரும் முடி கீழே விழாமல் மற்ற முடியோடு சிக்கிக்கொள்ளும். நாளடைவில் கயிறு போலத் திரண்டுவிடும்; அதுதான் ட்ரெட்லாக்ஸ். சுருட்டை முடியில் இது சீக்கிரமே நடக்கும். அதனால் ஒரே ஊரைப் பிறப்பிடமாகச் சொல்வது சரியாக இருக்காது.

நம் சிவனின் சடாமுடியும் இதே வகைதான். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் நீள்முடி முனிவரைப் பற்றி ஒரு பாடலே இருக்கிறது. நமீபியாவில் ஹிம்பா பெண்கள் செங்காவி மண்ணையும் வெண்ணெய்க் கொழுப்பையும் குழைத்துத் தலைமுடியில் திரித்திரியாகப் பூசிக்கொள்கிறார்கள். கிட்டத்தில் பார்த்தால் களிமண்ணில் உருட்டியது போலவே இருக்கும்.

சரி, ஜமைக்கா? 1930இல் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரில் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடினார். அவரைத் தெய்வமாகக் கொண்டு ஜமைக்காவில் எழுந்ததே ராஸ்தஃபாரி இயக்கம். தலையில் கத்தி படக்கூடாது என்ற பைபிளின் நசரேய விரதத்தை அவர்களில் பலர் பிடித்துக்கொண்டார்கள். ட்ரெட்லாக்ஸ் என்ற பெயரில் வரும் 'ட்ரெட்' என்றால் அச்சம். அந்த முடிக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல: 1963இல் ஜமைக்காவின் கோரல் கார்டன்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தின்போது போலீஸ் பிடித்துப்போய் பலருடைய சடையை வெட்டிவிட்டது. அப்புறம் எழுபதுகளில் ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி வந்தார். அதே முடி உலகம் முழுக்க ஃபேஷன் ஆனது.