அங்கீகாரம் இல்லாத ஃபிரட்டர்னிட்டியில் மகன் சேரலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மாணவர் விசாவில் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தேசிய ஃபிரட்டர்னிட்டி (கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட ஆண் மாணவர் சங்கம்) ஒன்றின் கிளையில் சேர அவனுக்கு அழைப்பு வந்துள்ளது. பல்கலைக்கழகம் அக்கிளையைத் தடை செய்திருக்கிறது. ஆனால் அது பழைய தகராறு என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். எதற்காகத் தடை? சேர்ந்தால் படிப்புக்குப் பாதகம் வருமா? – மதுரை வாசகர்

பதில்: சேர வேண்டாம் என்றே சொல்வேன். கிளையில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்தான். ஆனால் யாரைச் சேர்ப்பது, எந்த விதிப்படி நடப்பது என்பதை எங்கோ இருக்கும் தலைமையகமும் பழைய உறுப்பினர்களும் தீர்மானிக்கிறார்கள். பிரச்சினையின் வேர் இதுவே. பல தேசியச் சங்கங்கள் கறுப்பினத்தவரையும் யூதரையும் விலக்கி வைத்திருந்த காலத்தில், 1953இல், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் தேசியத் தொடர்புள்ள இத்தகைய மாணவர் சங்கங்களை மொத்தமாகத் தடை செய்தது. அதை எதிர்த்த வழக்கும் தோற்றது. அந்தத் தடை பிற்காலத்தில் நீங்கிவிட்டது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1984இல் தன் ஃபிரட்டர்னிட்டிகளை ஒழித்தது.

இன்றைய முதற்காரணம் மதுவும் ராகிங்கும். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேரவிருந்த 19 வயது மாணவர், மிதமிஞ்சிக் குடிக்க வைக்கப்பட்டு, ஃபிரட்டர்னிட்டி இல்லத்தின் படிக்கட்டில் விழுந்தார். உடனிருந்தவர்கள் மறுநாள் காலைவரை ஆம்புலன்ஸை அழைக்காததால் உயிரிழந்தார். அக்கிளை நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது.

தடை செய்யப்பட்ட கிளை பல இடங்களில் கலைவதில்லை. வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்துத் தொடர்கிறது. பெற்றோர் ஏமாறுவது அங்கேதான். வாடகை ஒப்பந்தத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்ற வரி இருந்தால், எட்டுப் பேர் தங்கும் வீட்டில் ஏழு பேர் ஓடிவிட்டாலும் முழு வாடகையையும் உங்கள் மகனிடமே கேட்கலாம். ஜாமீன் கையெழுத்துக்கு அங்கேயுள்ள உறவினரைத் தேடுவார்கள். உங்கள் மைத்துனரோ சித்தப்பாவோ இருந்தால் இன்றே எச்சரித்துவிடுங்கள். சேர்ந்தால் வேலை நிச்சயம் என்று ஆசை காட்டும் கன்சல்டன்சிக்காரர்களின் பேச்சையும் நம்ப வேண்டாம்; சிக்கல் வந்தால் அவர்கள் தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கம் நேர்ந்தால், அமெரிக்க மாணவன் ஒரு பருவத்தை இழப்பான். உங்கள் மகனுக்கோ விசா நிலையே போய்விடக்கூடும்.

கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட எல்லா அமைப்பும் இந்த வகை என்று எண்ணிவிடாதீர்கள். 1776இல் தோன்றிய ஃபை பீட்டா கப்பா, பொறியியலுக்கான டௌ பீட்டா பை ஆகியவை கல்வித் தகுதி பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கங்கள். அவற்றுக்குத் தங்கும் இல்லமோ ராகிங் சடங்கோ கிடையாது. ஒருமுறை கட்டணம் கேட்பார்கள்; அதற்காகப் பயந்து மறுத்துவிடாதீர்கள். பெயர் தெரியாத 'கௌரவச் சங்கம்' மின்னஞ்சலில் பணம் கேட்டால் மட்டும், துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே கட்டுங்கள்.

2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ராகிங்கில் சிக்கிய சங்கங்களின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் வெளியிட வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கு மட்டுமே! எதைப் பற்றிப் பெற்றோர் அதிகம் அஞ்ச வேண்டுமோ அது பட்டியலில் வராதபடி சட்டம் இயற்றியவர்களை என்ன சொல்வது? ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்று நிம்மதி அடையாமல், அக்கிளை எப்போது, எதற்காக அங்கீகாரம் இழந்தது என்று மாணவர் ஒழுங்கு அலுவலகத்துக்கு மகனையே மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள்.