கிரிப்டோ நிறுவனம் திவாலானால் உங்கள் பணம் யாருடையது?

கேள்வி: என் சேமிப்பில் ஒரு பகுதி ஒரு கிரிப்டோ நிறுவனத்தில் இருக்கிறது. பாதி நாணயங்களைச் சும்மா வைத்திருக்கிறேன்; மீதியை அவர்களுடைய வட்டித் திட்டத்தில் போட்டிருக்கிறேன். ‘வாடிக்கையாளர் சொத்து தனியாகப் பாதுகாக்கப்படுகிறது’ என்று இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். நிறுவனம் திவாலானால் எனக்குக் கிடைக்குமா?

பதில்: இரண்டு பாதிக்கும் ஒரே பதில் கிடையாது. வட்டித் திட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குக் கவலை தருவது அதுதான்.

லாக்கரில் வைத்த நகை உங்களுடையது. டெபாசிட் போட்ட பணமோ, வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். வட்டி தரும் கிரிப்டோ கணக்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். போதாததற்கு, டெபாசிட் காப்பீடும் கிடையாது. அமெரிக்காவின் செல்சியஸ் நிறுவனம் 2022 ஜூலையில் திவால் மனு போட்டபோது, வட்டி தரும் அதன் ‘ஏர்ன்’ கணக்குகளில் சுமார் 6 லட்சம் கணக்குதாரர்களின் ஏறத்தாழ 420 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் இருந்தன. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அவர்கள் டிக் அடித்த விதிமுறைகளிலேயே உரிமை நிறுவனத்துக்குப் போய்விட்டது என்று 2023 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்குதாரர்கள் பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நின்றார்கள். வட்டி வாங்காமல், பத்திரமாக வைத்திருப்பதற்கான கஸ்டடி கணக்கில் மட்டும் வைத்திருந்தவர்களில் சிலருக்கோ, நாணயத்தையே திருப்பித்தர அதே நீதிமன்றம் அதற்கு முந்தைய மாதமே அனுமதித்தது.

சும்மா வைத்திருக்கும் பாதிக்கு வருவோம். அது எவ்வளவு பத்திரம் என்பது எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2014-இல் மவுண்ட் காக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் கவிழ்ந்து சூடுபட்ட ஜப்பான், விதிகளைப் படிப்படியாக இறுக்கியது. 2020 மே முதல் அங்கே வாடிக்கையாளரின் ரொக்கம் நிறுவனத்தின் பணத்தோடு சேராமல், தனி டிரஸ்ட் பொறுப்பில் இருக்க வேண்டும். நாணயங்களில் குறைந்தது 95 சதவீதம் இணையத் தொடர்பில்லாத கோல்ட் வாலட்டில் இருக்க வேண்டும் (வாலட் என்பது நாணயங்களுக்கான டிஜிட்டல் பணப்பை). இதன் பலன் எஃப்டிஎக்ஸ் என்ற பன்னாட்டு கிரிப்டோ வர்த்தகத் தளம் 2022 நவம்பரில் சரிந்தபோது தெரிந்தது. அதன் ஜப்பான் பிரிவின் வாடிக்கையாளர்கள் 2023 பிப்ரவரியிலேயே பணத்தை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தலைமைத் தளத்தில் வைத்திருந்தவர்களுக்கு 2025-இல்தான் பட்டுவாடா ஆரம்பித்தது, அதுவும் 2022 நவம்பர் விலையில் கணக்கிட்டு. இடையில் பிட்காயின் பல மடங்கு ஏறிவிட்டது என்பது வேறு கதை.

கிரிப்டோ சந்தைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக்கா சட்டம் 2024 டிசம்பர் 30 முதல் கிரிப்டோ சேவை நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. வாடிக்கையாளரின் ரொக்கம் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் வங்கிக்குப் போய்விட வேண்டும். கஸ்டடியில் உள்ள நாணயங்கள் சட்டப்படி தனிச் சொத்து. நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அவற்றில் கைவைக்க முடியாது.

ஆகவே இணையதள வாசகத்தை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் காப்பீடு உண்டு என்று நம்பவைக்கும்படி விளம்பரம் செய்ததற்காக, எஃப்டிஎக்ஸின் அமெரிக்கப் பிரிவை அந்நாட்டு டெபாசிட் காப்பீட்டு அமைப்பு 2022 ஆகஸ்டிலேயே கண்டித்தது. கையிருப்புச் சான்று என்று காட்டுவதையும் பெரிதாக நம்பாதீர்கள். அன்றைக்கு என்ன கையில் இருந்தது என்று அது சொல்லும். எவ்வளவு கடன் இருக்கிறது என்று பல சமயம் சொல்லாது.

ஒப்பந்தத்தைத் திறந்து இரண்டு விஷயம் தேடுங்கள். கையெழுத்திடும் நிறுவனத்தின் முழுப்பெயர் என்ன, எந்த நாட்டில் பதிவானது? ஒரே பிராண்டின் கீழ் பல நாட்டு நிறுவனங்கள் இருக்கும். அடுத்து, உங்கள் நாணயத்தைக் கடன் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறீர்களா? தந்திருந்தால், தனியாகப் பாதுகாப்பது என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

நானாக இருந்தால் வட்டித் திட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுவேன். எடுப்பதற்கு நோட்டீஸ் காலம் உண்டா என்று பார்த்துவிட்டு, முதலில் சிறு தொகையை எடுத்துப் பாருங்கள். வாங்கி விற்கத் தேவையானதை மட்டும் அங்கே விடலாம். மீதியைச் சொந்த வாலட்டுக்கு மாற்றுவதானால், அதைத் திறக்கும் ரகசியச் சொற்களின் வரிசையான சீட் ஃப்ரேஸ் தொலைந்தால் எந்தச் சட்டமும் மீட்டுத்தராது என்பது நினைவிருக்கட்டும். மாதாமாதம் கணக்கு அறிக்கையை இறக்கி, நாணயத்தின் பெயர், எண்ணிக்கை, தேதியோடு சேமித்து வையுங்கள். தளம் முடங்கிவிட்டால் பாக்கியைக் கோருவதற்கு அதுதான் ஆதாரம்.